பார்த்ததும் சாப்பிட்டதும்

பிரயாணக் கட்டுரை எழுதுவது மிகவும் சுலபம் என்று நம்புகிறவர்கள் தமிழில் அதிகம். வாடகைக்கு ஒரு காரும், ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி ஒரு விடுமுறையும் கிடைத்துவிட்டால் போதும். திரும்பி வந்த மறுவாரமே கட்டுரை தயாராகிவிடுகிறது. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம், வழியில் காப்பி சாப்பிட்டோம், கோயிலை அடைந்தோம் என்று அது ஆரம்பிக்கும். கோயிலை அடைந்ததும் எழுதுகிறவர் மறைந்துவிடுவார். அவர் இருந்த இடத்தில் ஸ்தல புராணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டிய அரசன் யார், கோபுரம் எத்தனை நிலை, தீர்த்தம் என்ன, விருட்சம் என்ன என்று நாலு பக்கம் போகும். கடைசியில், உடல் களைத்தாலும் மனம் நிறைந்து வீடு திரும்பினோம் என்று ஒரு வாக்கியம். அத்துடன் சரி.

நண்பர் ஒருவர் தாம் சேகரித்து வைத்திருந்த இப்படிப்பட்ட கட்டுரைகளை ஒரு கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பி, இவற்றில் எது தேறும் என்று கேட்டிருந்தார். இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. எழுதியவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொன்ன இடங்களில், அவர்கள் அந்த ஊருக்குப் போனார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. கை தவறிச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்ட இடங்களில்தான் சந்தேகம் தீர்ந்தது. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் எழுத முடியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அவர் அங்கே போய் வந்தார் என்று கோர்ட்டில் சாட்சி சொல்ல நான் தயார்.

ஒரு நாள் கார்ப் பிரயாணத்தில் மனிதன் செய்கிற காரியங்கள் முக்கியமாக இரண்டுதான். பார்க்கிறான், சாப்பிடுகிறான். மற்றதெல்லாம் உட்கார்ந்திருப்பது. இந்த இரண்டு காரியங்களும் ஒன்றை ஒன்று தெரிந்துகொள்கிற கட்டுரைதான் பிரயாண இலக்கியம் என்ற பெயருக்குத் தகுதி உள்ளது என்பது என் கட்சி. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். சோற்றைப் பற்றி எழுதுவது இலக்கியமா என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டை விட்டுவிட்டதற்கு நம்மவர்களுக்கு இரண்டு காரணங்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்று, கூச்சம். இராஜேந்திர சோழனைப் பற்றி எழுதிய பேனாவால் இட்டிலியைப் பற்றி எழுதுவது கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்கள். இன்னொன்று, வழக்கம். ஸ்தல புராணத்தையும் வழிகாட்டிப் புத்தகத்தையும் மாதிரியாக வைத்துக்கொண்டு எழுதுகிறபோது, அவற்றில் இல்லாத எதையும் எழுதத் தோன்றுவதில்லை.

இப்போது இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்றும் கிளம்பியிருக்கிறது. அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை. எந்த ஊரில் எந்தக் கடையில் எந்தப் பண்டம் பிரமாதம் என்பதே அவர்களுக்குப் பிரயாணம். கோயில் அவர்களுக்கு ஓட்டலுக்கு வழி சொல்ல உதவுகிற அடையாளம். சந்நிதித் தெருவில் இடது கைப்பக்கம் மூன்றாவது கடை என்கிறார்கள். சந்நிதிக்குள் யார் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பண்டத்தைப் பற்றியாவது ஏதாவது சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. அற்புதம், அபாரம், நாக்கிலேயே நிற்கிறது என்ற மூன்று வார்த்தைகளோடு அவர்கள் சரக்குத் தீர்ந்துவிடுகிறது. முதல் கட்சிக்காரர் கல்வெட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார் என்றால், இவர் விளம்பரப் பலகையைப் பார்த்து அடிக்கிறார். இரண்டிலும் மனிதன் இல்லை.

நம்முடைய பழைய இலக்கியத்தில் இந்தப் பிளவு இல்லை என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்புகிற ஒருவன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொருவனுக்கு வழி சொல்கிறான். அவன் வழி சொல்கிற முறை என்ன? இந்த நிலத்தில் நடந்தால் இன்னது காண்பாய், இன்னார் வீட்டில் இன்னது உண்பாய் என்பதே முறை. சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை ஊரில் பரதவர் வீட்டுத் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. வேட்டுவர் ஊரில் புளிசேர்ந்த சூடான சோறும் சுட்ட இறைச்சியும் வருகின்றன. வயல் சூழ்ந்த ஆமூரில் உலக்கையால் குத்தித் தீட்டிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கறியும். பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குப் போகிற வழியில் உழவர் வீட்டில் கோழி வறுவலும், அந்தணர் வீட்டில் மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும் வெண்ணெயில் கலந்த கறியும், மாவடுவும் வருகின்றன.

இதைப் படிக்கிறவனுக்கு நிலம் மாறுவது எப்படித் தெரிகிறது? இலையில் விழுகிற சோறு மாறுவதால் தெரிகிறது. உப்புக் காற்று வீசுகிற இடத்தில் மீன். ஏர் உழுகிற இடத்தில் நெல். யார் எதை உண்டார்கள் என்பதற்குள்ளேயே அவர்கள் யார், என்ன தொழில் செய்கிறார்கள், விருந்தாளியை எப்படி நடத்துகிறார்கள் எல்லாம் அடக்கம். பூகோளம், சமூகம், பண்பாடு என்று நாம் மூன்று தலைப்புப் போட்டு எழுதுவதை அந்தப் புலவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குக் கூச்சம் இல்லை. பசியோடு நடந்த மனிதனை முன்னால் வைத்துக்கொண்டு பாடியதால் கூச்சப்பட நேரமும் இல்லை.

பிற்காலத்திலும் இந்தப் புத்தி சிலருக்கு இருந்திருக்கிறது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசுவாமி 1830-ல் காசிக்குப் புறப்பட்டு 1831-ல் திரும்பினார். அந்த யாத்திரையைத் தெலுங்கில் எழுதினார். அவர் மரணமடைந்த பிறகு 1838-ல் அது அச்சாயிற்று. எந்த ஊரில் தங்க வசதி உண்டு, எந்த ஊரில் சாமான் கிடைக்கும், பாதை எப்படி என்றெல்லாம் சலிக்காமல் குறித்துக்கொண்டே போகிறார். புண்ணியம் தேடிப் போனவர்தான்; ஆனாலும் புண்ணியத்துக்கும் அரிசிக்கும் இடையே அவர் திரை போடவில்லை. அதனால்தான் ரயில் வருவதற்கு முந்திய இந்தியாவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழுக்கு வந்தால் மூன்று பெயர்களைச் சொல்ல வேண்டும். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். அவருக்குக் கோயிலே குறி. தஞ்சாவூர்க் கலைக்கூடம் 1951-ல் தோன்றுவதற்கு முயன்றவர் அவர். கல்லை நேசித்து, கல்லைக் காப்பாற்றி, கல்லைப் பற்றி எழுதினார். அவர் எழுதியதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. அவருடைய வழியைப் பின்பற்றியவர்களிடம் அந்த நேசம் இல்லாமல் போய், தகவல் மட்டும் தங்கிவிட்டது என்பதுதான் துக்கம். ஏ. கே. செட்டியார் உலகத்தைச் சுற்றியவர். காந்தியைப் பற்றிய படத்துக்காகத் தேசம் தேசமாக அலைந்து, 1940-ல் அதை வெளியிட்டவர். அவருடைய வாக்கியங்கள் சின்னவை. தாம் கண்டதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வியந்து நிற்பது அவருக்குப் பிடிக்காது. வியக்காமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971-ல் வெளிவந்த 'நடந்தாய் வாழி, காவேரி'. காரில் போன பிரயாணம்தான். ஆனால் ஆற்றைப் பார்க்கப் போனவர்கள் ஆற்றங்கரை மனிதர்களையும் பார்த்தார்கள். ஒரு நாவலாசிரியன் கூட இருந்தால் என்ன லாபம் என்பதற்கு அந்தப் புத்தகம் அத்தாட்சி.

கொள்கையை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் வாசகர்களுக்கு அலுப்புத் தட்டும். ஒரு நாள் பிரயாணத்தை எடுத்துக்கொண்டு பரீட்சை செய்து பார்க்கலாம். கும்பகோணத்தில் காலையில் புறப்பட்டு, தாராசுரம் பார்த்து, திரும்பி அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய், அங்கிருந்து காட்டுமன்னார்கோயில், வீராணம் வழியாக மாலையில் சிதம்பரத்தை அடைகிற பாதை. நண்பரின் கட்டில் இந்தப் பாதையைப் பற்றியே நாலைந்து கட்டுரைகள் இருந்தன. ஒரு மார்கழி மாதத்தில் நானும் இரண்டு நண்பர்களும் அதே பாதையில் போய் வந்திருக்கிறேன். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கச் சௌகரியம்.

கும்பகோணம் என்றதும் கட்டுரைக்காரர்கள் எல்லோரும் டிகிரி காப்பியைச் சொல்லிவிடுகிறார்கள். பாலின் கனத்தை டிகிரி கணக்கில் அளந்ததால் அந்தப் பெயர் என்கிறார் ஒருவர். முதல் டிகாக்‌ஷனுக்கு அந்தப் பெயர் என்கிறார் இன்னொருவர். இரண்டு விளக்கங்களும் நெடுஞ்சாலைக் கடைப் பலகைகளில் தொங்குபவையே. கடப்பா என்று ஒன்று இருக்கிறது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்து இட்டிலிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்வது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பலகை எழுதாததை இவர்களும் எழுதுவதில்லை. அன்று காலை எங்களுக்குப் பரிமாறிய பெரியவர் அதைக் கேட்காமலே இலையில் விட்டார். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் விட்டார். வெளியூர்க்காரனை ஊர்க்காரனாக நடத்துகிற மரியாதை அது என்று எனக்குப் பட்டது. பலகையில் அந்த மரியாதைக்கு இடம் கிடையாது.

தாராசுரத்துக்கு வருவோம். இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. தட்டினால் ஒலிக்கிற படிகள், தேர் போன்ற மண்டபம், ஒரு தலையில் யானையும் காளையும் சேர்ந்து தெரிகிற சிற்பம் ஆகியவை எல்லாக் கட்டுரையிலும் உண்டு. கர்ப்பகிருகத்தின் வெளிச்சுவர் அடியில் அறுபத்துமூவர் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன என்பதையும் சிலர் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த வரிசை எதைப் பற்றியது என்று நின்று யோசித்தவர்கள் இல்லை.

இளையான்குடி மாறனார் கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். செல்வம் எல்லாம் போய் வறுமை வந்த பிறகு ஒரு மழை இரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வரச் சொல்கிறாள் மனைவி. வாரி வருகிறார். எரிக்க விறகு இல்லை. கூரையின் வரிச்சுகளை உருவிக் கொடுக்கிறார். கறிக்குக் கொல்லையில் முளைத்த கீரை. நாளைக்கு விளைய வேண்டிய நெல்லை இன்றைக்கு வந்தவனுக்குச் சமைத்துப் போடுகிற கதை. அறுபத்துமூவரில் அப்பூதியடிகள், சிறுத்தொண்டர் என்று சோறு போட்டே பெயர் பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாராசுரத்திலிருந்து போன பிட்சாடனரோ தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் பிச்சை கேட்கிற கோலத்தில் நிற்கிறார். கேட்கிறவனும் கொடுக்கிறவனுமாகக் கல்லில் நிறைந்திருக்கிற ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு, படியைத் தட்டினால் ஸரிகம கேட்கிறது என்று மட்டும் எழுதுகிறவர் எதைப் பார்த்தார்? காலையில் கேட்காமல் இலையில் விழுந்த ஒரு கரண்டிக் கடப்பாவை மறக்காதவராக இருந்தால், அந்தச் சுவரின் முன்னால் அவர் இன்னும் சிறிது நேரம் நின்றிருப்பார்.

அணைக்கரை அடுத்தது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. கார் மெல்ல ஊர்ந்து போக வேண்டிய பழைய பாலம். கட்டுரைகளில் இந்த இடத்துக்கு ஒரு வரி; இயற்கைக் காட்சி ரம்மியமாக இருந்தது என்று. சிலர் அதையும் விட்டுவிட்டு நேரே கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்விடுகிறார்கள். இராஜேந்திர சோழன் கங்கைவரை படை அனுப்பி வெற்றி கண்டு, புதுத் தலைநகர் அமைத்து, சோழகங்கம் என்ற ஏரியை வெட்டி, 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். விமானம் சுமார் 180 அடி. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்கள் மட்டும் மிச்சம். இங்கே எல்லோரும் ஒரே குரலில் அழுகிறார்கள்: காலம் அழித்துவிட்டது, காலம் அழித்துவிட்டது என்று.

காலத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. கோயிலின் வெளி மதிலிலும் கோபுரத்திலும் இருந்த கருங்கல்லை உடைத்து எடுத்துக் கீழணைக்குக் கொண்டுபோனார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அரை மணி நேரத்துக்கு முன்னால் எந்த அணையின் மேல் காரில் வந்தோமோ அதற்குள் இந்தக் கோயிலின் மதில் இருக்கிறது. ரம்மியமான காட்சி என்று ஒரு வரியில் தாண்டியவர், கோயிலில் நின்று கண்ணீர் விடுகிறார். தாம் மதிலின் மேலேயே வந்ததை அவர் அறியவில்லை.

அத்துடன் கதை முடியவில்லை. மீதியை எனக்குச் சொன்னது எங்கள் டிரைவர். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டிக் காட்டுமன்னார்கோயில் சாலையில் ஒரு சின்ன ஓட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். இப்படிப்பட்ட இடங்களில் டிரைவர்கள் தனியாகச் சாப்பிடுவது வழக்கம். உள்ளே ஓர் ஓரத்தில் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு இருக்கும். பல ஓட்டல்களில் அவர்கள் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதும் இல்லை. ஆட்களைக் கூட்டி வருகிறார்கள் அல்லவா? அன்று கூட்டம். நாலு பேர் உட்காருகிற ஒரே மேஜைதான் காலி. நாங்கள் மூவர்.

"நீங்க சாப்பிடுங்க சார், நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றார்.

"இடம் இருக்கும்போது எதுக்கு அப்புறம்? உட்காருங்க" என்றார் என் நண்பர்.

உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; அணைக்கரைப் பக்கத்துக்காரர். சாதம் வந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தபோது, அணைக்கரையில் தண்ணீர் நிறையப் போகிறதே என்று பேச்சுக்குச் சொன்னேன்.

"அது வடவாறு வழியா வீராணத்துக்குப் போவுது சார். அங்கேருந்து குழாய்ல உங்க மெட்ராசுக்கு. நீங்க வீட்ல குடிக்கிறதுல இதுவும் உண்டு" என்றார் அவர். பிறகு சிரித்துக்கொண்டு, "ஊரு தண்ணியைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. வீராணம் பராந்தக சோழன் காலத்து ஏரி. கீழணையில் தேங்கும் கொள்ளிடத் தண்ணீர் வடவாற்றின் வழியே அதில் சேருகிறது. 2004 முதல் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னைக்கு வருகிறது. இராஜேந்திரன் கோயிலின் மதில் அணையாயிற்று. அந்த அணையின் தண்ணீர் ஏரிக்குப் போய், ஏரித் தண்ணீர் சென்னைவாசியின் கூஜாவுக்கு வந்தது. நடுவில் எத்தனையோ வயலுக்கும் பாய்ந்தது. சாலையின் இரு பக்கமும் அன்று சம்பாப் பயிர் கதிர் வாங்கி நின்றது. எங்கள் இலையில் விழுந்த சோறும் ஏதோ ஒரு போகத்தில் அப்படி நின்றதுதான். கோயிலையும் சோற்றையும் தனித்தனியாக வைத்து எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பதில் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஒரு சாப்பாட்டு மேஜையில், கூட்டம் அதிகமாக இருந்த காரணத்தால் வந்தது.

வீராணத்தைப் பற்றிச் சொல்லும்போது கல்கியையும் சொல்லிவிட வேண்டும். 'பொன்னியின் செல்வன்' இந்த ஏரிக்கரையில்தான் ஆரம்பமாகிறது. ஆடிப்பெருக்கு நாள். குதிரைமேல் ஒரு வாலிபன் வருகிறான். கரையெல்லாம் ஜனங்கள், குடும்பம் குடும்பமாகச் சித்திரான்னம் கொண்டுவந்து உண்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டை வாசகர் நம்ப வேண்டும் என்றால், அரண்மனையைக் காட்டுவதற்கு முன்னால் கட்டுச்சோற்றைக் காட்ட வேண்டும் என்பது அந்த மகா கதைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கற்பனைப் பிரயாணம் எழுதியவருக்குத் தெரிந்தது, நிஜப் பிரயாணம் எழுதுகிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

சிதம்பரத்தில் மாலை. நடராஜர் கோயில் பிரசாதமாகப் பெயர் பெற்றது சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும். நெய்யும் மிளகும் சீரகமும் சேர்ந்த சாதம். புளியும் காரமுமான கொத்சு. ஓட்டல்களிலும் இட்டிலிக்குக் கொத்சு கொடுக்கிறார்கள். பகல் முழுவதும் சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்த பயிரின் பெயர், சந்நிதியில் சாதத்தின் பெயராக வந்து நிற்கிறது. பார்த்ததும் சாப்பிட்டதும் ஒன்றாகிற இடம் என்று இதைத்தான் சொல்வேன். கட்டில் இருந்த கட்டுரைகளில் ஒன்று சிதம்பர ரகசியத்தைப் பற்றி இரண்டு பக்கம் தத்துவம் பேசியது. இன்னொன்று, கொத்சு சூப்பர் என்றது. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே நாளில் ஒரே தெருவில் நடந்திருக்கக் கூடும்.

இவ்வளவும் ருசியைப் பற்றிய வாதம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் சொன்னது வீண். சாப்பாட்டை எழுதாமல் விட்டதால் நாம் எதை இழந்தோம் என்பதுதான் கேள்வி. 1940-களின் தொடக்கம்வரை தமிழ்நாட்டு ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று தனித்தனியாக இருந்தது. ஓட்டல்களின் வாசலில் ஜாதியின் பெயரே பலகையாகத் தொங்கியது. 1957-ல் சென்னையில் அந்தப் பலகையில் உள்ள சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அந்த வருஷங்களிலும் நம்மவர்கள் ஸ்தல யாத்திரை போனார்கள், கட்டுரை எழுதினார்கள். நான் படித்த அந்தக் காலத்துக் கட்டுரைகளில், உணவருந்திவிட்டுப் புறப்பட்டோம் என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் காணோம். எந்த அறையில் அருந்தினார்கள்? கூட வந்த வண்டிக்காரன் எங்கே அருந்தினான்? கோபுரத்தின் நிலைகளை எண்ணியவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்களுக்குச் சௌகரியமான இடத்தில் பேனாவை மூடி வைத்தார்கள். பொய்க்கும் அதற்கும் தூரம் அதிகம் இல்லை.

இன்றைக்குப் பலகை இல்லை. ஆனால் அந்த ஓரத்துப் பெஞ்சு இருக்கிறது. மேஜை துடைக்கிற பையன் இருக்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவை எடுத்து வைத்த பெண் சமையற்கட்டில் இருக்கிறாள். பிரமாதம், அபாரம் என்று எழுதுகிற புதிய கட்சிக்காரர்களும் இவர்களை எழுதுவதில்லை. சாப்பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதியும், சாப்பாடு போட்டவர்களை விட்டுவிடுகிற சாமர்த்தியம் அவர்களுடையது. பழைய கட்சி சோற்றை மறைத்தது. புதிய கட்சி சோற்றைக் காட்டிக் கையை மறைக்கிறது. ஆற்றுப்படைப் பாணன் அப்படிச் செய்யவில்லை. உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்திருப்பதைக்கூட அவன் பார்த்திருந்தான். பூண் தேய வேண்டுமானால் குத்திய கைகள் எத்தனை என்று அதைக் கேட்டவனுக்குப் புரிந்திருக்கும்.

நண்பருக்கு நான் எழுதி அனுப்பிய பதில் இதுதான். இந்தக் கட்டில் தேறுவது எது என்று பார்க்க இரண்டு கேள்வி போதும். எழுதியவர் அன்று பார்த்த கல்லுக்கும் அன்று தின்ற சோற்றுக்கும் இடையே ஏதாவது வழி கண்டாரா? அவருடைய டிரைவர் எங்கே சாப்பிட்டார்? முதல் கேள்விக்குப் பதில் சொல்கிற கட்டுரைகள் கட்டில் இரண்டு இருந்தன. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னது ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எழுதினேன். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று எழுதியவருக்கு மட்டும், இன்னொரு தடவை அதே வழியில் போய் வந்து எழுதும்படி ஒரு கார்டு போடச் சொன்னேன்.